உப்பும் ஐஸும் காத்த ஈஸ்ட்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களான உங்களில் பாதிப் பேர் அவரை 'ஈஸ்ட் டாக்டர்' என்றுதான் அழைத்தீர்கள். ஊசி போடுவாரா என்று கேட்டவர்களும் உண்டு. அவர் என்ன செய்தார் என்று சொல்வது தம்பியான என் கடமை.

அக்கா பிறந்தது மரக்காணத்தில். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை. மழை பிடித்தால் வேலை இல்லை, வீட்டில் கஞ்சிதான். அங்கிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்து, புதுச்சேரியில் ஆராய்ச்சியாளர் ஆனார். பிடிவாதம் அதிகம், சமையல் சுமார்.

பன்னை உப்பவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்தான் அவருடைய உலகம். ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யும் பட்டறைகள் உண்டு. அவற்றுக்கு ரைபோசோம் என்று பெயர். செல்லின் நடுவே உள்ள நியூக்ளியஸில்தான் அவற்றைக் கட்டும் வேலை தொடங்கும்; வெளியே வந்துதான் முடியும். எழுபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் அதனதன் கட்டத்தில் வந்து சேரவேண்டும். ஒன்று வராவிட்டாலும் வேலை பாதியில் நின்றுவிடலாம். அப்படி ஒரு புரதம் எந்தக் கட்டத்தில் தேவை என்பதே அக்காவின் கேள்வி. நியூக்ளியஸை விட்டு வெளியேறும் முன்பே தேவை என்பது அவருடைய ஊகம். அதற்காகவே ஓர் ஈஸ்ட்டைப் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கினார். கேலக்டோஸ் என்ற சர்க்கரையில் வளர்த்தால் அந்தப் புரதம் உண்டாகும். குளுக்கோஸுக்கு மாற்றினால் நின்றுவிடும்.

"நின்னா உடனே செத்துடுமாக்கா?" என்று கேட்டேன்.

"அதெப்படிடா சாகும்? முன்னாடி கட்டி வச்ச ரைபோசோம் இருக்குதில்ல, அதை வச்சுக் கொஞ்ச காலம் ஓட்டும்."

அக்கா புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது புயல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்றது. ஃப்ரீசரில் இருந்த ஈஸ்ட் வீணானால் மறுபடி உருவாக்க அவருக்குக் காலம் இல்லை. அது அவருக்கே தெரியும். போன் செய்தார்.

"டேய், அப்பாகிட்ட சொல்லி ரெண்டு மூட்டை உப்பு ஏத்திக்கிட்டு வா. மீனுக்குப் போடுற ஐஸும் வாங்கிக்க. உப்பு கலந்தா ஐஸ் இன்னும் சில்லுன்னு ஆவும்."

"கல்யாணச் சீரே கேக்காதவ உப்பு கேக்குறா, ஏத்துடா!" என்றார் அப்பா.

அக்காவின் ஆய்வுத் தோழி, கோட்டக்குப்பத்து மும்தாஜ் அக்கா, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் திறந்தார். மீன் பெட்டியில் உப்பும் ஐஸும் நிரப்பி, ஈஸ்ட் இருந்த சின்னஞ்சிறு குப்பிகளை அதற்குள் புதைத்தோம். கரண்ட் வரும்வரை ஐஸை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஆய்வுக்கூடம் முழுக்கக் கவுச்சி வாடை. போனில் அதைக் கேட்டு அக்கா சிரித்தார். நாங்கள் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அதுதான்.

அக்கா போன பிறகு சோதனையை முடித்தவர் மும்தாஜ் அக்கா. போன மாதம் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ நெனச்சது சரிதாம்மா. அந்தப் புரோட்டீன் இல்லன்னா, பாதி கட்டுனது நியூக்ளியஸ விட்டு வெளியவே வரல."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப அவளோட ஈஸ்ட்டு உசுரோட இருக்குதா?" என்று கேட்டார்.

"நல்லா வளருதும்மா."

அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

மும்தாஜ் அக்காவுக்கும், புயலில் கடை திறந்து ஐஸ் கொடுத்தவருக்கும், வண்டி ஓட்டிவந்த கிளியனூர் மாமாவுக்கும், அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பமே கைகூப்புகிறது.

அவர் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று எல்லோரும் அன்போடு விசாரிக்கிறீர்கள். அக்கா முன்னாடியே கட்டி வைத்தது நிறைய இருக்கிறது. அதை வைத்துத்தான் ஓட்டுகிறோம்.