தொப்பிக்கு ஏத்த தலை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஒரு வெள்ளைக்கார அம்மா மூன்று மாதம் குடியிருந்தார். ஆசிரமத்துக்கு வந்தவர். அவருக்குப் புடவை கட்டக் கற்றுக்கொடுத்தது என் சித்தி. ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா சித்தியிடம் ஒரு படப் புத்தகத்தையும் ஒரு தொப்பியையும் கொடுத்துவிட்டுப் போனார். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல, காதுவரை இறங்குகிற நீலத் தொப்பி. எழுபதுகளின் திருவண்ணாமலையில் அதை மாட்டிக்கொண்டு ஒரு பெண் எந்தத் தெருவில் நடக்க முடியும்? அது பீரோ மேலேயே கிடந்தது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு துரைசாணி தேவைப்பட்டாள். நடிக்க வருமா வராதா என்றெல்லாம் டீச்சர் பார்க்கவில்லை. தொப்பி வைத்திருக்கிறவள் நான்தான் என்று தெரிந்ததும் வேஷம் எனக்கே வந்துவிட்டது.

வந்தது வினை. எனக்கு அப்போது இடுப்பைத் தொடுகிற முடி. தாலுகா ஆபீஸில் அப்பா யாரிடம் பேசினாலும் கடைசியில் என் முடியில்தான் வந்து முடிப்பார் என்பார்கள். மடித்துக் கட்டிய இரட்டை ஜடைமேல் தொப்பியை வைத்தால் அது உட்காருவேனா என்றது. தலையை ஆட்டினால் தரையில் கிடந்தது.

சித்தியிடம் யோசனை கேட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டைல் என்றால் உயிர். உள்ளே நைலான் பந்து வைத்து அவள் போடுகிற கொண்டை அவளுக்கு முன்னால் நிலைப்படியைத் தாண்டும். அப்பாவுக்கு அது கட்டோடு பிடிக்காது. "இன்னொரு தரம் ஸ்டைல் கிஸ்டைல்னு புள்ளையக் கெடுத்தாள்னா, உன் தங்கச்சிய மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம், படிப்பு அம்போ. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சித்தி படப் புத்தகத்தை விரித்தாள். "இதோ பாரு, இவங்க முடிய மலையாட்டம் குவிச்சுக் கட்டுன காலத்துல தொப்பி முறம் அகலத்துக்கு இருந்திருக்கு. நீட்டு ஊசி குத்தி நிறுத்தியிருக்காங்க. அப்புறம் நம்மகிட்ட இருக்கற மாதிரி இறுக்கத் தொப்பி வந்துச்சு. அதுக்குள்ள கொண்டை அடங்குமா? எல்லாரும் காதோட கத்தரிச்சிட்டாங்க." தொப்பிக்காக முடியா, முடிக்காகத் தொப்பியா என்பது அவளுக்கே குழப்பமாக இருந்தது.

எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. சனிக்கிழமை மதியம் தையல் மெஷின் கத்தரிக்கோலை எடுத்து, வலது ஜடையைக் காதோடு வெட்டினேன்.

முதலில் பார்த்தது சித்திதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடியிலிருந்து வந்த அம்மா என்னைப் பார்த்தாள், கீழே கிடந்த ஜடையைப் பார்த்தாள், பேயறைந்த மாதிரி இருந்த தங்கையைப் பார்த்தாள். என்னை அடிக்கவில்லை. என் தலையில் ஒரு துண்டைச் சுற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாள்.

அப்பா வீடு திரும்பியபோது, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"என்னடி இது?" என்றார் அம்மாவிடம்.

"இவளுக்கு டைபாய்டு வந்தப்ப முடியத் தர்றேன்னு நேந்துக்கிட்டேங்க. மறந்தே போச்சு. நேத்து அண்ணாமலையாரே கனவுல வந்து கேட்டுட்டாரு."

எனக்கு டைபாய்டு வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். தாசில்தாரையே எதிர்த்துப் பேசுகிற அப்பா, கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காப்பி கேட்டார்.

மொட்டையான பிறகு தொப்பியை வைத்தால் அது மூக்குவரை இறங்கியது. முடி இருந்தபோது ஏற மாட்டேன் என்றது, இப்போது நிற்க மாட்டேன் என்றது! சித்தி தன் கொண்டையைப் பிரித்து நைலான் பந்தை எடுத்துத் தொப்பிக்குள் வைத்துத் தைத்தாள். நான் வெட்டிய ஜடையிலிருந்து இரண்டு கற்றை எடுத்துச் சுருட்டி, காதோரம் தொங்கும்படி தொப்பி விளிம்பில் இணைத்தாள். கண்ணாடியில் பார்த்தால் சாட்சாத் துரைசாணி. அன்றைக்கு நான் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை.

நாடகத்தில் துரைசாணி தொப்பியைக் கழற்றி ஊர்த்தலைவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் எழுதியிருந்தார். துரைசாணிகள் அப்படிச் செய்வார்களா என்று எங்கள் பள்ளியில் யாருக்குத் தெரியும்? நான் கழற்றினேன். தொப்பியோடு சுருள்முடியும் கையோடு வந்துவிட, மேடை விளக்கில் என் மொட்டை பளபளத்தது. கொட்டகையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துத் தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். எல்லாம் என் நடிப்புக்குத்தான் என்று நினைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் கழற்றினேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அப்படி ஒரு கைதட்டல் கிடைக்கவில்லை.

சித்தி பரீட்சையில் பாஸானாள். அதற்கடுத்த பௌர்ணமியன்று விடியற்காலையில் அம்மா எங்கள் இருவரையும் மலை சுற்ற அழைத்துப்போனாள். இப்போது மாதிரி கூட்டமெல்லாம் அப்போது கிடையாது. பாஸானதற்கு உல்லாசப் பயணம் என்று நினைத்து நான் குதித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் அம்மா கண்ணை மூடி நின்று, "தப்புதான் சாமி, தப்புதான்" என்று கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டாள். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. நானும் பக்கத்தில் நின்று அவளைவிட வேகமாகப் போட்டுக்கொண்டேன். அடி அண்ணாமலை வந்தபோது திரும்பிப் பார்த்தேன். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்துகொண்டிருந்தாள். காலில் முள் குத்திவிட்டது போலிருக்கிறது என்று ஓடிப்போய்க் குனிந்து அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். முள் எதுவும் இல்லை.