நாலு கோலும் ஒரு கூப்பனும்

உங்கள் ஊர் டீம் தோற்கும் என்று நாலணா கொடுத்து எழுதித் தருவீர்களா? காதர் எழுதித் தந்தார். அவர்தான் எங்கள் கடலூர் டீமின் கோல்கீப்பர்!

புயலுக்குப் பிறகு கிள்ளைப் பக்கம் படகுகள் உடைந்து கிடக்கின்றன. அங்கே ஒரு கஞ்சித் தொட்டி நடத்தப் பணம் வேண்டும். சும்மா கேட்டால் யார் கொடுக்கிறார்கள்? அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு புட்பால் மேட்ச் வைத்தோம். யார் எத்தனை கோல் போடுவார்கள் என்று கூப்பனில் எழுத வேண்டும். நாலணா. சரியாகச் சொன்னவருக்கு ஒரு ட்ரான்சிஸ்டர்.

சிதம்பரம் நாலு கோல். கடலூர் பூஜ்யம். பெட்டியைத் திறந்தோம். சரியான விடை ஒன்றே ஒன்று... கீழே காதரின் கையெழுத்து.

காதர் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேச வேண்டியதாயிற்று.

"ஏம்பா, கோல் உட்டது நீ. கூப்பன் எழுதினதும் நீ. பரிசும் உனக்கேவா?" என்றார் ஓட்டல் நடேசன். கடலூர் ஆறு கோல் போடும் என்று எழுதியிருந்தவர்.

"மாமா, கோலுக்கு முன்னால நின்னு தடுக்கற நம்ம பேக்கு ரெண்டு பேரும் ஜுரத்துல கெடக்கறாங்க. சிதம்பரத்தாளுங்க ஆட்டத்தையும் பாத்திருக்கேன். தோணினத எழுதினேன்."

"அப்புறம் எதுக்கு ஆடின?"

"நான் நிக்கலன்னா எட்டு வாங்கியிருப்போம், மாமா."

கூட்டம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். எதைக் கொடுப்பது? அது அரிசியாகிக் கிள்ளைக்குப் போய்விட்டது. பாதி கஞ்சியாகவும் ஆகிவிட்டது.

மறுநாள் காதர் என் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ட்ரான்சிஸ்டர் வேணாம் சார். கடைக்கு வர்றவங்க துணியப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க. திருடன்னு பேரு வாங்கிட்டு எப்படி நிக்கறது? இன்னொரு தடவ ஆட வையுங்க. கூப்பன் எழுத மாட்டேன்."

வைத்தோம். கூப்பன் மூன்று மடங்கு விற்றது! பசிக்கு நாலணா கொடுக்க யோசித்தவர்கள், சந்தேகத்துக்கு ஒரு ரூபாயை நீட்டினார்கள். நடேசன் மட்டும் பத்து கூப்பன். பத்திலும் சிதம்பரம்தான்.

ஜுரம் விட்டு பேக்குகள் இருவரும் வந்திருந்தார்கள். ஆனாலும் பந்து காதரிடம் வந்துகொண்டேதான் இருந்தது. தாவினார், விழுந்தார், காலடியில் போய்ப் புரண்டார். பாதி ஆட்டத்தில் சுண்டுவிரல் பிசகியது. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு நின்றார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கடைசி நிமிஷத்தில் நம் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள்.

நடேசன் மைதானத்துக்குள் ஓடினார். அடிக்கத்தான் போகிறார் என்று நானும் ஓடினேன். அவரோ காதரின் கையைப் பிடித்து, "நல்லாத்தான்யா புடிக்கிற... தப்பா பேசிட்டேன்" என்றார். காதர் அழுதார். விரல் வலியாகவும் இருக்கலாம். நடேசன் பிடித்தது அந்தக் கையைத்தான்.

இந்த வாரம் சிதம்பரத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முகமெல்லாம் கடுகடுப்பு.

"எங்க கோல்கீப்பர் மேல டவுட்டா இருக்கு சார். மறுபடியும் ஆடணும்."

உட்கார வைத்துக் காபி கொடுத்தோம். கூப்பன் அடிக்க அச்சகத்துக்கு ஆள் போயிருக்கிறது.