ஃபயர்வாலில் போட்ட ஓட்டை

இன்ஜினில் தீப்பிடித்தால் அது விமானியிடம் வராமல் தடுக்க, நடுவில் ஓர் எஃகுத் தகடு இருக்கும். அதுதான் ஃபயர்வால். இரும்புலியூர் வீட்டு கார் ஷெட்டில் நான் கட்டிக்கொண்டிருந்த குட்டி விமானத்தில், இன்ஜினை ஏற்றும் முன் பெட்ரோல் குழாய்க்காக அந்தத் தகட்டில் ஓட்டை போட்டேன். வரைபடம் இடப்பக்கம் என்றது. விமானத்தின் முன்னால் நின்று இடப்பக்கமே போட்டேன். ஆனால் உள்ளேயிருந்து வந்த குழாய் மறுபக்கம் நின்றது.

வரைபடத்தை நான்கு முறை படித்தேன். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன். தப்பு வரைபடத்திலா, குழாயிலா, ஒன்றும் விளங்கவில்லை. படம் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சத்தம் கேட்டு வந்த மனைவி, விஷயத்தைக் கேட்டுவிட்டு விமானியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டிக் குழாயைத் தொட்டாள்.

"இது என்னோட இடது கை. உங்களுக்கு?"

"வலது."

"இதுல உக்காந்து ஓட்டப்போறது யாருங்க?"

நான்கு வருடமாகக் கட்டுகிறேன். அந்த இருக்கையில் ஒருநாள்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"கொஞ்சம் இறங்கு" என்றேன்.

"இருங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."