நீலத் தகட்டில் விரல்கள்

கண்ணாடி அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேம் முகத்துக்கு எடுப்பாக இல்லை என்றால் வாங்க வந்தவரிடமே அதைச் சொல்லிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவர் எங்கள் முன்னால் உட்கார்ந்து, நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னது இது. நான் எதையும் கூட்டவில்லை. நேரம்கூட அவர் சொன்னபடிதான் எழுதுகிறேன்.

நடந்தது பட்டப்பகலில். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அக்கா தனி ஆள். ஐம்பதை நெருங்குகிறார். இரண்டாம் மாடியில் வீடு. முன்பு தம்பியும் கூட இருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து நாடகங்களுக்கும் வேஷப் போட்டிகளுக்கும் கவசம், வாள், கிரீடம் என்று செய்து தருவார்கள். எல்லாம் ஆசைக்குத்தான். தம்பிக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, லேசர் மெஷினை அக்காவிடமே விட்டுவிட்டான். வீட்டின் கடைசியில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. மெஷின் அங்கேதான் இருந்தது. தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாயங்காலம் நாலரைக்குப் போன் செய்வான். வாரத்தில் அக்கா வாய்விட்டுச் சிரிப்பது அந்தப் பத்து நிமிஷம்தான்.

இந்த வேலையில் பெயிண்டே கிடையாது. எவர்சில்வர் தகட்டின்மேல் லேசர் ஓடும். அந்தச் சூட்டில் தகட்டின் மேல்தோலே நிறம் மாறிவிடும். மெதுவாக ஓடவிட்டால் ஒரு நிறம், வேகமாக விட்டால் இன்னொன்று. வைக்கோல் மஞ்சள், ஊதா, கண்ணைப் பறிக்கும் நீலம். ஒன்றே ஒன்றில்தான் கவனம் வேண்டும். வெறும் விரல் தகட்டில் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் கெட்டுவிடும்.

தம்பியின் மகளுக்குப் பள்ளி நாடகத்தில் தளபதி வேஷம். "அத்தை, இரும்பு மாதிரி இருக்கக் கூடாது. இரும்பாவே இருக்கணும்" என்று போனில் உத்தரவு போட்டிருந்தாள். பழைய இரும்புக் கடையில் பெரிய எவர்சில்வர் தகடு ஒன்று கிடைத்தது. அக்கா அதை ஆறு துண்டாக வெட்டி வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். அக்கா வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் தரை மாற்றும் வேலை. ஞாயிறு முதல் புதன் வரை லீவு. கீழ்வீட்டுக்காரர்களும் வெளியூர் போயிருந்தார்கள். நாலு நாளைக்குத் தொந்தரவே இல்லை என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறு மத்தியானம் 2.10க்கு ஆரம்பித்தார். போனை ஹாலில் வைத்துவிட்டு, கதிர் வெளியே தெறிக்காமல் இருக்கக் கதவைச் சாத்தினார்.

2.35. முதல் தகடு முடிந்தது. நல்ல நீலம். ஆனால் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு சாம்பல் பொட்டு. விரல் நுனி அளவு. 'நம்ம கைதான் பட்டிருக்கும்' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டாவது தகட்டை ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தார். புதுக் கையுறை மாட்டினார். 3.05க்கு நீலத்தின் நடுவே நாலு விரல்கள் தெரிந்தன. வரிசையாக. அக்கா தன் கையை மேலே பிடித்துப் பார்த்தார். அந்தக் கை அவர் கையைவிடச் சின்னது.

மூன்றாவதில் முழு உள்ளங்கை. ரேகைகூடத் தெரிந்தது.

அக்கா பயந்த சுபாவம் இல்லை. எங்கேயோ தப்பு செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அந்தத் தகட்டை மறுபடி உப்புத்தாளால் அடியோடு தேய்த்து, துடைத்து, மறுபடி லேசரை ஓடவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். நீலம் கோடு கோடாக இறங்கி வந்தது. அதே இடத்தில், அதே உள்ளங்கையை விட்டுவிட்டு இறங்கியது.

4.15. நாலாவது தகடு. அதில் விரல் இல்லை. கையை மடக்கி ஓங்கிக் குத்தினால் சுண்டுவிரல் பக்கம் பதியுமே, அந்தத் தடம். ஒன்று இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, பத்துப் பதினைந்து.

யாரோ இதைத் தட்டியிருக்கிறார்கள்.

அக்கா மெஷினை நிறுத்தினார். விசிறி நின்றது. அறை அமைதியானது.

டொக். டொக். டொக்.

சூடான தகடு ஆறும்போது சத்தம் வரும். அது அவருக்கும் தெரியும். ஆனால் இது மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அதுவும் லேசரே படாத ஆறாவது தகட்டிலிருந்து வந்தது.

'கொஞ்சம் காற்றாட நின்றுவிட்டு வரலாம்' என்று கதவுப் பிடியைத் திருகினார். பிடி சும்மா சுற்றியது. கதவு திறக்கவில்லை. இழுத்தார். தோளால் முட்டினார். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார். அசையவில்லை.

4.30. ஹாலில் போன் அடித்தது.

தம்பி.

அக்கா கத்தினார். கதவை அறைந்தார். போன் அடித்து ஓய்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. அதுவும் ஓய்ந்தது. அதற்கப்புறம் அடிக்கவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து யோசித்தார். யார் தேடுவார்கள்? கடை வியாழக்கிழமைதான் திறக்கும். அன்றைக்குப் போகாவிட்டாலும், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். கீழ்வீட்டில் ஆள் இல்லை. தம்பி? அவனுக்கு அடுத்த ஞாயிறு. கையில் அரை பாட்டில் தண்ணீர். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தம்பி போன இந்த எட்டு வருஷமாகத் தன் கதவைத் தட்டியவர்கள் யாரென்று. ஒரு கையே அதிகமாக இருந்தது.

"பேயைவிட அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார் எங்களிடம்.

5.50.

டொக். டொக். டொக்.

யாரோ வந்துவிட்டார்கள் என்று துள்ளி எழுந்தார். "யாரு? கதவைத் திறங்க... நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

 சத்தம் கதவுப் பக்கமிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஆறு தகடும் மேசையில் கிடந்தன. ஆறாவது தகட்டின் பளபளப்பில் ட்யூப்லைட் தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த வெளிச்சம் நடுங்கியது. அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல.

அக்கா அதைக் கையில் தூக்கினார்.

அடியில் மேசைதான் இருந்தது.

டொக்.

கையிலேயே அதிர்ந்தது.

தட்டு மெலிந்துகொண்டே வந்தது. மூன்று, இரண்டாகியது. இரண்டு, ஒன்றாகியது. இடைவெளி நீண்டது. கை ஓய்ந்துபோனவர்கள் தட்டுவதுபோல...

கீழே போட்டுவிட்டு மூலையில் ஒடுங்கியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அக்கா கையுறையைக் கழற்றினார். வெறும் உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தார். ஐஸ் மாதிரி சில்லிட்டது.

பிறகு கையை மடக்கி, அவரும் தட்டினார். மூன்று தடவை.

"இருக்கேன்" என்றார். "நான் இங்கதான் இருக்கேன். கேக்குது."

ஒரு நொடி.

இன்னொரு நொடி.

தட்டு நின்றுவிட்டது.

பின்னால் கதவுப் பூட்டு 'க்ளிக்' என்றது. கதவு தானாக ஒரு விரற்கடை திறந்து நின்றது.

மணி 6.20.

வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் செய்தார். அவன், "ரெண்டு தடவை அடிச்சேன்க்கா. நீ எடுக்கல. தூங்கறேன்னு விட்டுட்டேன்" என்றான். அக்கா அழுதுவிட்டார். அவன் பதறிப்போய் அன்று ராத்திரியே பஸ் ஏறினான். மறுநாள் பூட்டு ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பழுதும் இல்லை என்று திரும்ப மாட்டிக்கொடுத்தார்.

தளபதிக்கு வேறு புதுத் தகட்டில் கவசம் போனது. பழைய ஆறையும் அக்கா ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தம்பியோடு இரும்புக் கடைக்குப் போனார். திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை, கேட்பதற்கு.

கடைக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். சட்டென்று மூடினார்.  அப்புறம் சொன்னார். அது ஓர் அலுவலகக் கட்டடத்து லிஃப்ட்டின் உள்பக்கச் சுவர். லிஃப்ட்டை மாற்றியபோது அவரே போய்க் கழற்றி எடுத்தது. அங்கே கூட்டித் துடைக்கிற பெண் ஒருத்தி. யாரும் இல்லாதவள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் லிஃப்ட்டுக்குள் இருப்பது தெரியாமல் யாரோ மெயின் கரண்டை அணைத்துவிட்டார்கள். தொடர்ந்து லீவு. புதன்கிழமை காலையில்தான் திறந்தார்கள். அவளுக்கு மூச்சுக் கோளாறு இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரியே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தாராம்.

அக்கா அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதலடைந்தார். ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லையே என்று.

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"டாக்டர் அப்படித்தாம்மா எழுதினாரு. ஆனா லிஃப்ட் இருந்த பக்கத்துச் சுவரை ஒட்டி, வெளியில ஒரு தையல்காரர் கடை போட்டிருக்காரு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். உள்ள ஏதோ வேலை நடக்குதுன்னு நினைச்சு விட்டுட்டாராம்."