இறுக்கிக் கட்டிய படகு

பெரில் டன்னிக்ளிஃப் தண்ணீர் மேல் குடியிருந்தாள்; ஆனால் தண்ணீரைக் கண்டாலே அவளுக்குப் பயம். ஸ்டாஃபோர்ட்ஷயர் கால்வாயில் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கரையில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

சும்மா வந்த பயமில்லை அது. இரண்டு பனிக்காலத்துக்கு முன் அவள் புருஷன் லென், விளிம்பில் உறைந்திருந்த பனியில் வழுக்கி, படகுக்கும் கரைக்கும் நடுவே விழுந்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான். மனுஷனுக்கு நீச்சல் வேறு நன்றாகத் தெரியும். என்ன பிரயோஜனம்? குளிர் மூச்சை அடைத்துவிட்டது. உள்ளே அடுப்பில் பன்றிக்கறி பொரித்துக்கொண்டிருந்த பெரிலுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

படகை விற்றுவிட்டுக் கரையேறு என்று எல்லோரும் சொன்னார்கள். கரையில் அவளுக்கு யார் வீடு கட்டி வைத்திருக்கிறார்கள்? அவளும் கிப்பரும் படகிலேயே இருந்துவிட்டார்கள். கிப்பர் லென் வளர்த்த நாய். சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு, நீளக் கால். லென் போன மறு வருஷமே அதற்கு இரண்டு கண்ணும் வெளுத்துப் பார்வை போய்விட்டது. பெரிலின் குரல்தான் அதற்கு வழி. அதனால் அவள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். கரி அள்ளுகிறேன்டா, சாம்பல் கொட்டுகிறேன்டா, ஓட்ஸ் அடையில் பாலாடைக்கட்டி வைக்கிறேன்டா என்று எல்லாமே ஒலிபரப்புதான்.

அந்த இடைவெளி இனி யாரையும் விழுங்கக் கூடாது. அதற்காக அவள் செய்தது ஒன்றுதான். கரையில் அடித்த முளைகளில் படகின் இரண்டு முனைக் கயிறுகளையும் மூச்சைப் பிடித்து இழுத்து, படகு கரையோடு ஒட்டிக்கொள்ளும்படி இறுக்கிக் கட்டினாள். ஒரு காகிதம்கூட நடுவில் நுழையாது. கிப்பரும் பழகிக்கொண்டது. கதவைத் தாண்டி நேராகக் காலை நீட்டினால் கரை. யோசிக்க வேண்டியதில்லை.

கால்வாய்க்காரன் எவனும் இப்படிக் கட்ட மாட்டான். தண்ணீர் ஏறும், இறங்கும். கயிற்றுக்குத் தளர்வு வேண்டும். கரிப்படகு ஓட்டும் நோரிஸ் மூட்டை இறக்க வரும்போதெல்லாம் அந்தக் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பான்.

"ஏன் கண்ணு, படகக் கட்டிருக்கியா, இல்ல தூக்குல போட்டிருக்கியா?"

"ஒன் கரிய எறக்கிட்டுப் போற வழியப் பாரு" என்பாள் பெரில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே போவான். அவன் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? கை தளர்த்த மாட்டேன் என்கிறதே.

தை மாதத்துக் காலை ஒன்றில் கால்வாய் மேல் கண்ணாடி கனத்துக்குப் பனி படிந்திருந்தது. கிப்பர் அடுப்படியில் சுருண்டு தூங்கியது. பெரில் தண்ணீர்க் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாலத்தடிக் குழாய்க்குப் போனாள். குழாய் உறைந்து கிடந்தது. கையோடு கொண்டுபோன வெந்நீரை ஊற்றி அதை இளக்கிக் குடம் நிரப்புவதற்குள் நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. பனிப்பாளம் கரையோரமெல்லாம் உடைந்து தொங்கியது. தண்ணீர் கீழே போயிருந்தது. எந்தப் புண்ணியவானோ கீழ் மதகின் கதவைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறான். வளைவு திரும்பியதும் அவள் படகைப் பார்த்தாள். இரண்டு கயிற்றிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் உயர, மறுபக்கம் தண்ணீருக்குள் சாய்ந்து, உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அடுப்பு கவிழும், அல்லது பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளே கிப்பர் ஊளையிட்டது.

வண்டி எங்கே, குடம் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. முளையில் விழுந்து முடிச்சைப் பிய்த்தாள். இரும்பாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கத்தி படகுக்குள்ளே இருந்தது. என் கையாலேயே கட்டினேனே, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று அழுதாள்.

தன் கரிப்படகு தரைதட்டி நின்றுவிட்டதால் மதகை மூடிவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தான் நோரிஸ். கையில் கோடரி இருந்தது. அவளை விலக்கிவிட்டு முன்கயிற்றை ஒரே போடு. ஓடிப்போய்ப் பின்கயிற்றை இன்னொரு போடு. படகு தடாலென்று சரிந்து தண்ணீரை அறைந்து, ஆடி, நிமிர்ந்தது. கரையை விட்டு ஒரு ஆள் நீளம் தள்ளிப் போய்ச் சேற்றில் நின்றது. நடுவே கறுப்புத் தண்ணீரும் பனிச்சில்லும்.

கதவிடுக்கில் கிப்பரின் மூக்கு தெரிந்தது.

"கூப்புடு கண்ணு! ஒன் சத்தம் கேட்டா ஓடி வந்துரும்" என்றான் நோரிஸ்.

பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வரும். ஓடி வரும். கரை அங்கேயே இருக்கிறது என்று நம்பிக் காலை நீட்டும். நம்ப வைத்தது அவள்தான்.

நோரிஸும் வாயைத் திறக்காதபடி சைகை காட்டினாள். கிப்பர் தளத்துக்கு வந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. காதை இப்படியும் அப்படியும் திருப்பிக் குரலைத் தேடியது. நாளெல்லாம் ஓயாத அந்தக் குரல் இன்றைக்கு எங்கே போனது? விளிம்புக்கு வந்தது. முன்னங்காலைத் தூக்கியது.

பெரில் கரையில் உட்கார்ந்து, சறுக்கி, அந்த இடைவெளிக்குள் இறங்கினாள். லென் விழுந்த அதே இடைவெளி. இடுப்புவரை சேறும் பனியுமாக ஏறியது. மூச்சு நின்றது. இப்படித்தான் இருந்ததா லென் உனக்கு என்று மனசு கேட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு, ஒரு கால், இன்னொரு கால். காற்றில் தூக்கிய அந்தப் பாதம் கீழே வந்தபோது அவள் தோளில்தான் பட்டது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது, பெயரும் வந்தது.

"கிப்பர்... நாந்தாண்டா."

நோரிஸ் இருவரையும் மேலே இழுத்துப் போட்டான். தண்ணீர் மறுபடி நிறைந்ததும் புதுக்கயிறு கொண்டுவந்து, ஒரு முழம் தளர்வு விட்டு அவனே கட்டினான். கேலி ஒன்றும் பேசவில்லை. அவளும் தடுக்கவில்லை.

பயம் போய்விட்டது என்றெல்லாம் சொன்னால் பொய். படகு லேசாக அசைந்தாலே அவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கை நாயைத் தேடுகிறது. அந்த ஒரு முழ இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது. காலையில் அவள் கண்ணைத் திறந்துகொண்டு முதலில் கரையேறுகிறாள். திரும்பி மண்டியிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டுகிறாள். உள்ளங்கை கிப்பரின் நெஞ்சில் பட்ட பிறகுதான் அதன் பெயரைச் சொல்கிறாள்.