அண்ணன் பாட்டும் அந்த அம்மாள் பாட்டும்

என் அண்ணன் நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டியவன். நாட்டை இழந்த ராஜா ஆற்றங்கரையில் நின்று பாடுவதாக ஒரு பாட்டை அவனே கட்டினான். தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியாகப் பாடிப் பாடிச் சேர்த்த பாட்டு. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் எனக்கும் அது மனப்பாடம்.

இசைத்தட்டு எடுக்கிறவர்கள் அவனைப் பட்டணத்துக்கு அழைத்தார்கள். பெரிய தகரப் புனல் ஒன்றுக்குள் முகத்தை நுழைத்துப் பாட வேண்டியிருந்ததாம். தட்டில் இடம் போதாது என்று அவசரப்படுத்தினார்களாம். தட்டு வந்தபோது எங்களிடம் கிராமபோன் பெட்டி கிடையாது. திருநெல்வேலியில் ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டோம்.

அந்தக் காலத்துத் தட்டுகளின் வழக்கப்படி, பாட்டு முடிந்ததும் அந்தக் குரல் அண்ணன் பேரைச் சொல்லிக்கொண்டது.

"பேரு ஒம்பேருதாம்லே. பாடுதது ஆரு?" என்றாள் அம்மா.

"நாந்தாம்மா."

"நீ பாட்டுல இப்படியா ஓடுவே?"

அண்ணன் சிரித்தான். நான் பெட்டியின் குழாயையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது அவன் குரலாகப் படவில்லை.

சில வருஷங்கள் கழித்து அதே பாட்டு இன்னொரு தட்டாக வந்தது. பாடியவர் பட்டணத்து அம்மாள் ஒருவர். அதையும் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்த்தான் கேட்டோம். அண்ணனை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. அந்த அம்மாள் நிதானமாகப் பாடியிருந்தார். முதல் அடியைக் கீழே இறக்காமல் மேலேயே நிறுத்தினார். 'வந்தேன்' என்று அண்ணன் கட்டியிருந்ததை 'நின்றேன்' என்று மாற்றியிருந்தார்.

"இதுதாம்லே நீ நம்ம வீட்டுல பாடினது" என்றாள் அம்மா.

என்னை ஆழ்வார்திருநகரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் கொழுந்தனார் கல்யாணத்தில், நலங்கு முடிந்ததும் அண்ணனைப் பாடச் சொன்னார்கள்.

"பிளேட்டுல உள்ள மாரியே பாடும்வே" என்றார் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர்.

தன் தட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அண்ணன் வேகமாக ஆரம்பித்தான்.

"அது இல்லவே. அந்த அம்மா பாடினது."

அண்ணன் நிறுத்தினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் பாடுகிற பழைய மாதிரியில் பாடினான். பெரியவர் என் மாமனார் பக்கம் சாய்ந்து, "நல்ல கொரலு. பாட்டுத்தான் சரியாப் பாடமில்ல" என்றார். மாமனாரும் தலையாட்டினார்.

இது அவன் கட்டிய பாட்டு என்று சொல்லிவிட எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவன் 'வந்தேன்' என்று பாடிய இடத்தில் எனக்கே கால் இடறியது போல இருந்தது. அந்த இடத்தில் வேறு சொல்லை என் காது எதிர்பார்த்திருந்தது. பந்திக்கு இலை போட உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போகும் வழியில் அண்ணன் கேட்டான்: "ஏட்டி, நான் மொதல்ல இத எப்படிப் பாடினேன்? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

பாடிக் காட்டினேன்.

"அது அந்த அம்மா பாடினதுல்லா" என்று சொல்லிவிட்டு அவன் பாடினான்.

"இதுவும் அவிய பாடினதுதாம்ணே."

"மொத அடிய எறக்கினேனா, மேலயே நிறுத்தினேனா?"

"எறக்கினே" என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு எனக்கு அதுவும் நிச்சயமில்லாமல் போயிற்று.

அடுத்த நாடகத்தில் அவன் அந்த அம்மாளைப் போலவே பாடினான். சனங்கள் விடாமல் கைதட்டி, திரும்பப் பாடச் சொன்னார்களாம்.

"ஏட்டி, கைதட்டுனது ஆருக்கு?" என்று வந்து என்னிடம் கேட்டான்.

"நின்னு பாடினது நீதான?"

"அதான் தெரியல."

அதன்பிறகு அவன் அப்படியே பாடிவந்தான். என் மகள் வளர்ந்து, அடுப்படியில் என்னோடு இருக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். சில அடிகளை இழுத்தாள், சிலவற்றைத் தாவினாள். திருத்த நினைப்பேன். எதை வைத்துத் திருத்துவது என்று தெரியாமல் விட்டுவிடுவேன். ஒருமுறை அண்ணன் வந்திருந்தபோது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் கேட்டான்.

"நல்லாப் பாடுதா. ஆரு சொல்லிக்குடுத்தா?"

நான்தான் என்றேன். அது சரியான பதில்தானா என்று எனக்குத் தெரியவில்லை.