மூன்று ஊருக்கும் ஒரு கிட்டங்கி

விஜயராணிக்கு வேலை நேரத்தில் கனவு வரும். கண் திறந்தே இருக்கும், கை ஓடிக்கொண்டே இருக்கும். செக்கிங் மேசையில் சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். தையல் விட்ட இடத்தையும் எண்ணெய்க் கறையையும் விரல் தானாகவே கண்டுபிடித்து ஒதுக்கும். மனம் மட்டும் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய்விடும். மேலே டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் மெல்ல மிதந்து இறங்கும். அதைப் பார்த்தபடி நிற்கும்போது, தான் தண்ணீருக்கு அடியில் நின்று வேலை செய்வதாக அவளுக்குத் தோன்றும்.

அவள் பிறந்த மணல்குடி, தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் மீன்பிடிக் கிராமம். கல்யாணமான கையோடு கணவன் அந்தோணிராஜுடன் திருப்பூர் வந்தவள். இருவருக்கும் அங்கே ராயபுரத்தில் ஒரே கம்பெனியில் வேலை. அவன் கட்டிங், அவள் செக்கிங். கம்பெனியை நடத்தியவர் தெய்வாத்தாள். ஊத்துக்குளிப் பக்கம் காடும் எருமையும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கணவர் இறந்த பிறகு இருபது மிஷின்களோடு தனியாக நின்று, அதை நாலு மடங்காக்கியவர். எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் அந்தக் 'கண்ணு' மட்டும் காணாமல் போகும்.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை முடிந்துபோன வருடம் அது. ஆர்டர் மழை மாதிரி கொட்டியது. தைக்க ஆள்தான் இல்லை. கம்பெனி வாசலுக்கு வாசல் 'டெய்லர் தேவை' என்று அட்டை தொங்கியது. தெற்கே வேன் அனுப்பிப் பெண்பிள்ளைகளை அழைத்து வந்து ஹாஸ்டலில் தங்கவைத்தார்கள். தெய்வாத்தாளும் விஜயராணியைக் கூப்பிட்டார்.

"உன்ற ஊர்ப்பக்கம் போயி, தைக்கத் தெரிஞ்ச புள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வா கண்ணு. ஹாஸ்டலு, சோறு எல்லாம் நாம பாத்துக்கலாம்."

விஜயராணி போனாள். திரும்பி வந்தது வெறும் வேன்தான். சுனாமிக்குப் பிறகு யாரோ வந்து தையல் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்ததால், மணல்குடியில் வீட்டுக்கு வீடு தைக்கத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் கைப்பிள்ளையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மாமியாரை, கருவாட்டுக் களத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அன்று மாலை அவள் கரையில் உட்கார்ந்திருந்தபோது தொலைவில் ஒரு கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கிளம்பி, மங்கலான வெள்ளை வானத்துக்குள் கரைந்துபோய்க்கொண்டிருந்தது. அதற்குள் தெய்வாத்தாள் கம்பெனிப் பெட்டிகளும் இருக்கலாம். போன வாரம் அவள் மடித்து அனுப்பிய சட்டைகள், லாரியேறி, மதுரை தாண்டி, இந்த ஊருக்குத் திரும்பும் விலக்கையும் தாண்டி, கடைசியில் இந்த ஊரின் கண் முன்னாலேயே கடலில் போகின்றன. இங்கே மட்டும் ஒரு நொடி நிற்பதில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஒருமாதிரி மயக்கமாக இருந்தது.

திருப்பூர் திரும்பியதும் தெய்வாத்தாளிடம் சொன்னாள்.

"ஆளுங்க வரமாட்டாங்கக்கா. மிஷினத்தான் நாம அங்க கொண்டுபோகணும். துறைமுகத்துக்குப் போற வழியிலதான இருக்கு. துணி அங்க இறங்கி, தச்சு முடிச்சு, அப்படியே ஏறிப் போயிரும்."

தெய்வாத்தாள் அவளையே பார்த்தார். "கனாக் கண்டியா?"

"ஆமாங்கக்கா."

"செரி. எத்தனை பேரு தேறுவாங்க? ஒரு லைன் ஓட்டறதுக்கு ஆள் வேணுமல்லோ. ஒரே ஊருல அத்தனை பேரு இருக்காங்களா?"

இல்லை. அங்கேதான் கனவு முட்டிக்கொண்டது. மணல்குடிக்குத் தெற்கே சிப்பிமேடு. சங்கு குளித்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். மேற்கே, கடலை விட்டுச் சற்று உள்ளே பனையூரணி. பனையேறியும் உப்பளத்தில் வேலை செய்தும் பிழைத்தவர்கள் அங்கே. மூன்று ஊரையும் சேர்த்தால்தான் வரிசையாக மிஷின் போட்டு ஒரு லைன் ஓட்ட முடியும். மூன்று ஊரும் சேர்ந்து ஒரு காரியம் செய்ததை விஜயராணி பார்த்ததே இல்லை. மணல்குடிக்கும் சிப்பிமேட்டுக்கும் கடலில் வலை போடும் எல்லைத் தகராறு. இரண்டுக்கும் பனையூரணியோடு பேச்சே கிடையாது.

ஆனாலும் அவள் லீவு போட்டுவிட்டுப் போய் ஊர் ஊராக நடந்தாள். பனையூரணியில் கருத்தம்மா என்ற உப்பளத் தொழிலாளியும், சிப்பிமேட்டில் மீராள் என்ற விதவைப் பெண்ணும் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கூடி உட்கார்ந்து பேசியபோது ஒரு விஷயம் தெரிந்தது. எந்த ஊரும் தனியாக இதைச் செய்ய முடியாது. கழிமுகத்தின் கரையில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. பெரிய ஓட்டுக் கட்டடம், உயரமான ஜன்னல்கள். அது மணல்குடி எல்லையில் இருந்தது. மிஷின் ஓட்டப் போதுமான கரண்ட் பனையூரணி டிரான்ஸ்பார்மரில்தான் இருந்தது. வேன் வரக்கூடிய ரோடோ சிப்பிமேட்டைத் தாண்டித்தான் வரும்.

"அப்ப ஒங்க வீடு, எங்க வெளக்கு, அவிய வழி," என்றாள் கருத்தம்மா. "ஒருத்தர் மொறச்சாலும் மத்த ரெண்டு பேருக்கும் இருட்டுதான்."

"மொறைக்காம இருந்து பாப்போமே," என்றாள் மீராள்.

மூன்று ஊர்க் கமிட்டிக்காரர்களும் சரி என்றார்கள். இது ஓடவா போகிறது என்ற நினைப்பில்தான் சொன்னார்கள் என்பது விஜயராணிக்குப் புரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பொங்கல் கழிந்து, தெய்வாத்தாள் அனுப்பிய பவர் டேபிள்கள், கரண்டில் ஓடும் தையல் மிஷின்கள், கிட்டங்கியில் வந்து இறங்கின. உப்புக் காற்றில் வெள்ளைத் துணி நிற்காது என்பதால் தெய்வாத்தாள் கலர் துணிகளை மட்டும் வெட்டிக் கட்டி அனுப்பினார். குழந்தைகளின் ஆரஞ்சு, கத்திரிப்பூ நிறச் சட்டைகள். கிட்டங்கியின் சுவரில் உப்பு இன்னும் பூத்திருந்தது. உயர ஜன்னல் வழியே காலை வெயில் சரிந்து விழும்போது சுவரெல்லாம் லேசாக மினுக்கும். அந்த வெளிச்சத்துக்கு நடுவே, ஒரு மணல்குடிப் பெண் தோளை மூட்டித் தள்ள, பக்கத்துச் சிப்பிமேட்டுப் பெண் கழுத்தை வைக்க, அடுத்திருந்த பனையூரணிப் பெண் கீழ்விளிம்பை மடித்தடிக்க, சட்டை முழுசாக வெளியே வந்தது. மாதாமாதம் சில நாட்கள் தங்கி வேலையைச் சீர்செய்துவிட்டுப் போக விஜயராணியைத் தெய்வாத்தாள் அனுப்பினார். அந்த நாட்களில் இரண்டு ஊர்களும் அவளுக்குள் ஒன்றாகிப்போகும். மிஷின் சத்தம் திருப்பூரா, வெளியே அலைச் சத்தம் மணல்குடியா என்று பிரித்தறியத் தோன்றாமல் நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. பிறகு கடலில் சண்டை வந்தது. சிப்பிமேட்டுக்காரர்களின் வலையை மணல்குடிப் படகு ஒன்று அறுத்துவிட்டதாகப் பேச்சு. இல்லவே இல்லை என்று மணல்குடி சாதித்தது. அடுத்த நாள் சிப்பிமேட்டு ஆண்கள் பழைய வள்ளம் ஒன்றை இழுத்துவந்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

விடியும் நேரத்தில் திருப்பூரிலிருந்து துணியோடு வந்த வேன் அங்கேதான் நின்றது. விஜயராணி இறங்கினாள். வள்ளத்தில் இருந்தவர்களில் ஒருவர் வேறு பக்கம் பார்த்தபடி, "ஒங்க மேல கோவம் இல்ல தங்கச்சி. ஒங்க ஊரு மேலதான்," என்றார்.

தெய்வாத்தாளுக்குப் போன் போட்டாள். "சரக்கு சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போயாகணுங்கண்ணு," என்றார் அவர். "முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடு. வண்டியத் திருப்பி இங்கயே தச்சுக்கலாம். ஆனா அடுத்த தடவ அங்க துணி அனுப்பறதுக்கு எனக்குத் தெகிரியம் வராது."

விஜயராணி மீராளைத் தேடிப் போனாள். மீராள் வாசலில் நின்றிருந்தாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். வள்ளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அவள் உடன்பிறந்த அண்ணனும் ஒருவர்.

"ரோட்டைத்தான அடச்சிருக்காவ," என்றாள். "தண்ணிய அடைக்கலயே."

கடல் வாங்கியிருந்தது. கழிமுகத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. சிப்பிமேட்டுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து வேனிலிருந்த துணிக்கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அக்கரை தெரியவில்லை. தண்ணீர் மெல்லச் சலசலத்தது. பாதி வழியில் மூட்டத்துக்குள்ளிருந்து சில உருவங்கள் எதிரே வந்தன. மணல்குடிப் பெண்களும், கருத்தம்மாவோடு பனையூரணிப் பெண்களும். விஷயம் கேள்விப்பட்டுத் தண்ணீரில் இறங்கியவர்கள். நடுத் தண்ணீரில் தலைக்குத் தலை கட்டுகள் மாறின. ஆரஞ்சும் கத்திரிப்பூவும் நீலமுமாகக் கட்டுகள் மூட்டத்துக்குள் மிதந்து போவதை விஜயராணி நின்று பார்த்தாள். இது தன் கண் திறந்த கனவுகளில் ஒன்றோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. காலில் சுருக்கென்று சிப்பி குத்தியதும்தான் நிஜமென்று நம்பினாள்.

வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் பெண்கள் தண்ணீர் வழியாகவே வந்தார்கள். அதற்கடுத்த நாள் காலையில் வள்ளம் ரோட்டில் இல்லை. யார் இழுத்துப் போட்டார்கள் என்று மீராளும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. வலைத் தகராறு தீரவில்லை, அது அப்படியேதான் இருந்தது. சரக்கு மட்டும் சனிக்கிழமை துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வெளிநாட்டில் ஏதோ பேங்குகள் கவிழ்ந்தன என்று டிவியில் சொன்னார்கள். திருப்பூரில் அது ஓவர்டைம் நின்றதில் தெரிந்தது. பிறகு ஷிஃப்ட் குறைந்தது. சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு ஊர் திரும்பும் கூட்டம் பெருகியது. தெய்வாத்தாள் விஜயராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இங்கயே மிஷினெல்லாம் சும்மா நிக்குது கண்ணு. அங்க அனுப்பறக்குத் துணி இல்ல. நீயே போயிச் சொல்லிரு. அந்த மிஷினுங்க அங்கயே இருக்கட்டும், நான் திருப்பிக் கேக்கல. அந்தப் புள்ளைங்ககிட்ட எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலீங்க கண்ணு."

விஜயராணி பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் சாய்ந்தபடி சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தேடிக்கொண்டே போனாள். தாராபுரம் தாண்டி, ஒட்டன்சத்திரம் தாண்டி, மதுரை தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிட்டங்கியில் எல்லோரையும் கூட்டி, இருப்பதை அப்படியே சொன்னாள். யாரும் அழவில்லை. கருத்தம்மா மிஷின்மேல் கிடந்த நூல் பிசிறை ஊதித் தள்ளினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மீராள் கேட்டாள். "எக்கா, இந்த இறால் கம்பெனியில பொம்பளையாளுவ கையில மாட்டுதாவளே, துணி உறை, அது எங்கேருந்து வருது?"

யாருக்கும் தெரியவில்லை. மீராளின் சின்னம்மா மகள் தெற்கே ஓர் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் ஓடு உரிப்பவள். ஐஸ் பட்டு விரல் வெடித்துப்போகிறது, கொடுக்கிற உறை ஒரு வாரம்கூட நிற்பதில்லை என்று வரும்போதெல்லாம் புலம்புவாள். அந்தக் கரை நெடுக அப்படிப்பட்ட கம்பெனிகள் இருந்தன. ஐஸ் பிளாண்டுகள், கருவாட்டுக் கிடங்குகள், உப்பளங்கள். எல்லா இடத்திலும் கைகள் இருந்தன.

விஜயராணி அங்கிருந்தே தெய்வாத்தாளுக்குப் போன் செய்தாள். "கட்டிங் வேஸ்ட்டு கொஞ்சம் கிடைக்குமாங்கக்கா?"

"எதுக்கு?"

சொன்னாள். மறுமுனையில் தெய்வாத்தாள் மெல்லச் சிரிப்பது கேட்டது. பல வாரங்களாக அவர் சிரித்து விஜயராணி கேட்டதில்லை. "உன்ற ஊட்டுக்காரரையே மூட்டை கட்டச் சொல்றன். தடிமனான துணியாப் பாத்து எடுத்துத் தரட்டும்."

முதலில் தைத்த உறைகள் விரலுக்கு ஒரு அளவாக இருந்தன. பிறகு சரியாகின. மீராளும் கருத்தம்மாவும் ஒரு மணல்குடிப் பெண்ணும் சேர்ந்து, ஊருக்கு ஒருவராகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். சில இடங்களில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பினார். சில இடங்களில் வாங்கிப் பார்த்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் கையுறையும், தலையில் கட்டும் துணியும், முன்னால் கட்டும் ஏப்ரனும் கிட்டங்கியிலிருந்து கரையின் இரண்டு பக்கமும் போகத் தொடங்கின. வடக்கே இருக்கும் இன்னொரு ஊரிலிருந்து பெண்கள் வந்து, தங்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அதைப் பற்றி மூன்று ஊரும் உட்கார்ந்து பேசின. முடிவு அந்தக் கூட்டத்தில் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் வந்தது. வரட்டும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கருத்தம்மா விஜயராணியைக் கேட்டாள். "நீதான ஆரம்பிச்ச. இங்கயே வந்து இருந்து நடத்தேன். ஒனக்குச் சொந்த ஊருதான?"

விஜயராணி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"இங்க நீங்க இருக்கீய. நல்லாத்தான் நடத்துதீய. எனக்கு ராயபுரம் பழகிருச்சு. அவரும் அங்கதான் இருக்காரு. இன்னும் ஒண்ணு, அங்க சட்டை மடிக்கும்போதுதான் எனக்கு எதாவது தோணுது. இங்க வந்தா கடலைப் பாத்துட்டே உக்காந்திருவேன், ஒரு வேலையும் ஓடாது."

கருத்தம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவள் பையில் வைத்தாள்.

திருப்பூரில் ஆர்டர் மறுபடி மெல்ல வரத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை அவள் கம்பெனிக்குள் நுழைந்தபோது, சாயப்பட்டறையிலிருந்து புதுத் துணி வந்து இறங்கியிருந்தது. இதுவரை பார்த்திராத ஒரு பச்சை. அந்தோணிராஜ் கட்டிங் மேசையில் அதை விரித்துக்கொண்டிருந்தான். அடுக்கின்மேல் அடுக்காக விரியும்போது காற்று உள்ளே புகுந்து துணி லேசாக எழும்பி அமர்ந்தது.

"என்னளா, வந்ததும் நின்னுட்டே?" என்றான்.

"இரு," என்றாள் விஜயராணி. "இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு எங்க போவாங்கன்னு பாத்துட்டு இருக்கேன்."